கனத்த லென்ஸும் ட்ரைபாட் தலையும் - ஒரு சின்ன வரலாறு



போன கட்டுரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (இங்கே எந்தக் கட்டுரைக்கும் எதனோடும் சம்பந்தம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம் :-) ) இந்த முறை, பறவைகளைப் படம் எடுப்பவர்கள் கனமான டெலிபோட்டோ லென்ஸுக்கு அடியில் வைக்கும் ட்ரைபாட் தலையைப் பற்றி எழுதுகிறேன்.

ட்ரைபாட் என்றால் மூன்று கால்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் கால்களின் மேல் உட்கார்ந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டு, இடம் வலம் மேல் கீழ் என்று திருப்ப விடும் பாகம்தான் 'ஹெட்', அதாவது தலை. நல்ல ட்ரைபாட்களில் கால் தனி விலை, தலை தனி விலை. "ஒரு இரும்புத் துண்டுக்கா இவ்வளவு பணம்?" என்று பி.காம். படிக்கும் எவனுக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்குப் பதில் தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், வேட்டங்குடி

எங்கள் ஆத்தங்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக் கூடிய தூரத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இதே சிவகங்கை மாவட்டம்தான், திருப்பத்தூருக்குப் பக்கம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய கண்மாய்கள் சேர்ந்தது. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிரம்பினால் நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும்.

இந்த ஊர்களைப் பற்றிய ஒரு செய்தியை தீபாவளிதோறும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பறவைகள் பயந்து ஓடிவிடும் என்பதற்காக ஊர் மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கம். வனத்துறையினர் வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சின்னப் பிள்ளைகளே மத்தாப்பை விட்டுக்கொடுக்கும் ஊரில், ஒரு படத்துக்காக நாம் கரையை விட்டு இறங்கிக் கூட்டுக்குக் கிட்டே போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? தள்ளித்தான் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் நீண்ட லென்ஸ் வேண்டும். நீண்ட லென்ஸ் கனக்கும். கனத்தை ஆடாமல் தாங்க நல்ல தலை வேண்டும். பறவைப் படக்கலையின் 130 வருட வரலாற்றைப் பார்த்தால், மனிதன் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிய வரலாறாகத்தான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பின்வாங்கலுக்கு உதவிய பொருட்களில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று இந்தத் தலை.

கிட்டே போன காலம்

1892-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி ஒரு பறவைக்கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். 1895-இல் அவர்கள் வெளியிட்ட பறவைக்கூடுகள் பற்றிய புத்தகம், முழுக்க முழுக்க இயற்கையில் எடுத்த போட்டோக்களைக் கொண்ட முதல் இயற்கை நூல் என்று சொல்லப்படுகிறது. கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் பெட்டிக் கேமரா. நீண்ட லென்ஸ் கிடையாது. ஆகவே ஒரே வழி, கிட்டே போவதுதான். அதற்காக அவர்கள் மாட்டுத்தோலால் ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள்!

அடுத்த ஐம்பது அறுபது வருடங்களுக்கு இதே முறைதான். கூட்டுக்குச் சில அடி தூரத்தில் மறைவிடம் கட்டி உள்ளே உட்கார்ந்திருப்பது. படம் தெளிவாக வர வேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளைகளை ஒதுக்குவதும் வெட்டுவதும் உண்டு. படம் முடிந்து ஆள் போய்விடுவார். கூட்டின் மேல் வெயில் அடிக்கும், காக்கைக்கும் பருந்துக்கும் கூடு தெரிந்துவிடும்.

கிட்டே போனதற்கு மனிதனும் விலை கொடுத்திருக்கிறான். எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்காரர் 1937-இல் ஒரு ஆந்தைக் கூட்டைப் படம் எடுக்கப் போனபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் இடது கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளையே படம் எடுத்தார் என்பது தனிக்கதை.

இந்தியாவிலும் அப்போது இதே பாணிதான். ஆர்.எஸ்.பி. பேட்ஸ், ஈ.ஹெச்.என். லோதர் போன்ற ஆங்கிலேயர்கள் மறைவிடத்துக்குள் உட்கார்ந்து நம் நாட்டுப் பறவைகளைக் கூட்டில் படம் பிடித்தார்கள். இந்தியாவில் பறவைப் படம் எடுத்த அனுபவங்களைப் பற்றிய லோதரின் புத்தகம் 1949-இல் வந்தது.

இந்தக் காலத்தில் ட்ரைபாட் தலைக்குப் பெரிய வேலை கிடையாது. கேமரா கூட்டைப் பார்த்தபடி ஒரே இடத்தில் நிற்கும். ஒரு முறை திருப்பி முடுக்கி வைத்தால் போதும்.

நம் ஊர்க்காரர்: மா. கிருஷ்ணன்

தமிழில் இயற்கையைப் பற்றிப் படிப்பவர்களுக்கு மா. கிருஷ்ணனைத் (1912-1996) தெரியாமல் இருக்காது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், திருநெல்வேலியில் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் இறக்கும் வரை பத்தி எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றவர். கருப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார்.

அவருடைய கேமராவுக்கு அவரே வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கனமான சங்கதி என்று பெயரிலேயே கிண்டல் இருக்கிறது. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்றதையெல்லாம் அவரே இணைத்துக்கொண்டது. அதைப் பார்த்த ஈ.பி. ஜீ என்ற இயற்கையாளர், ஷூ கயிறும் கம்பியும்கூட அதில் இருந்திருக்கலாம் என்கிற அளவுக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டு லென்ஸ் எளிதில் கிடைக்காத அன்றைய இந்தியாவில், தூரத்திலிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டவர் தன் கருவியைத் தானே கூட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஒட்டுப்போட்ட கேமராவோடுதான் அவர் காடு காடாக நடந்தார், கும்கி யானை மேல் உட்கார்ந்தும் படம் எடுத்தார்.

லென்ஸ் நீண்டது, கனத்தது

1950களில் ஜெர்மனியின் நோவோஃப்ளெக்ஸ் கம்பெனி, துப்பாக்கி விசை மாதிரி ஒரு பிடியை அழுத்தினால் ஃபோகஸ் மாறும் நீண்ட லென்ஸ்களைக் கொண்டுவந்தது. கூட்டை விட்டுவிட்டுப் பறக்கும் பறவையைத் துரத்திப் படம் எடுப்பது சாத்தியமானது. ஆனால் அந்த லென்ஸ்களின் துவாரம் சின்னது, நல்ல வெளிச்சம் வேண்டும்.

வெளிச்சம் குறைந்த காலை நேரத்திலும் எடுக்க வேண்டுமானால் முன் கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். பெரிய கண்ணாடி என்றால் கனம். 1988-இல் கேனன் தன் 600 எம்.எம். எஃப்/4 ஆட்டோஃபோகஸ் லென்ஸை வெளியிட்டது. எடை 6 கிலோ! கேமராவும் சேர்ந்தால் 7 கிலோவைத் தாண்டும். அதுவும் ஒரே இடத்தில் சும்மா நிற்கப் போவதில்லை, பறக்கும் நாரையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ட்ரைபாட் தலைக்கு உண்மையான சோதனை இங்கேதான் தொடங்கியது.

பழைய தலைகள் ஏன் தோற்றன?

அப்போது இருந்தவை முக்கியமாக இரண்டு.

ஒன்று, பேன்-டில்ட் ஹெட். இடம் வலத்துக்கு ஒரு கைப்பிடி, மேல் கீழுக்கு ஒரு கைப்பிடி. கட்டடத்தைப் படம் எடுக்க அருமை. பறவை இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் நகரும், நமக்கோ கை இரண்டுதான், அதில் ஒன்று ஷட்டரில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பால் ஹெட். ஒரு குழிக்குள் உருண்டை. திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சுழலும், முடுக்கினால் நிற்கும். சின்ன லென்ஸுக்கு இதைவிடச் சுகமான தலை இல்லை. ஆனால் கனத்த லென்ஸை வைத்தால் மொத்தப் பாரமும் உருண்டைக்கு மேலே நிற்கிறது. ஒரு விரலின் மேல் உலக்கையை நிறுத்துகிற மாதிரி. நேராக இருக்கும் வரை சரி, கொஞ்சம் சாய்ந்தால் குப்புற விழப் பார்க்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். லென்ஸும் கேமராவும் சேர்ந்து 5.5 கிலோ. அதன் எடை மையம் உருண்டையின் மையத்துக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது. 30 டிகிரி சாய்த்தால் உருண்டை மேல் விழும் முறுக்கு சுமார் 4 நியூட்டன் மீட்டர். அதாவது, 10 செ.மீ. நீளமுள்ள ஒரு பிடியின் நுனியில் 4 கிலோ படிக்கல்லைத் தொங்க விட்ட மாதிரி. திருகு தளர்ந்த நொடியில் இந்தப் பாரம் முழுவதும் நம் கைக்கு வரும். கை வழுக்கினால் லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சில சமயம் ட்ரைபாடையும் இழுத்துக்கொண்டு விழும். லென்ஸின் அடிப்பாகத்துக்கும் தலைக்கும் நடுவே விரல் மாட்டினால் அதுவும் போச்சு.

திருகை முடுக்கியே வைத்தால்? பறவையைத் தொடர முடியாது. பாதி முடுக்கினால் படம் எடுக்கும் நேரத்தில் லென்ஸ் மெல்ல இறங்கும். 600 எம்.எம். லென்ஸில் 50 மீட்டர் தூரத்தில் படத்தின் அகலமே 3 மீட்டர்தான். தலை ஒரே ஒரு டிகிரி நகர்ந்தால் பார்வை சுமார் 87 செ.மீ. நகரும். மஞ்சள் மூக்கு நாரையே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம்தான். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல் கட்டிய விம்பர்லி

தீர்வு 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்தது. டேவிட் விம்பர்லி என்ற இயற்கைப் படக்காரர் செய்த கிம்பல் ஹெட் அது. பாரத்தை மேலே நிறுத்தி இறுக்கிப் பிடிப்பதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு கை எழுப்பி, அதிலிருந்து லென்ஸைத் தொங்க விட்டார். செட்டிநாட்டு வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கீழாக ஆடும் அச்சு லென்ஸின் நடு உயரத்தில் வருகிறது. இடம் வலமாகச் சுழலும் அச்சு அதற்கு நேர் கீழே. இரண்டு அச்சும் சந்திக்கும் இடத்தில் எடை மையம் வந்துவிட்டால் லென்ஸுக்கு எந்தப் பக்கமும் விழக் காரணம் இல்லை. 6 கிலோ லென்ஸை ஒற்றை விரலால் வானத்தைப் பார்க்கத் திருப்பலாம், கையை எடுத்தால் அப்படியே நிற்கும்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரமும் கூடாது, பின்பாரமும் கூடாது. முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் நுகத்தைத் தூக்கும். சமமாக ஏற்றினால் மாடு இழுக்க மட்டும் செய்தால் போதும், சுமக்க வேண்டியதில்லை.

யோசனையும் புதிது இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தின் ஃபிலோ என்ற கிரேக்கர், எந்தப் பக்கம் திருப்பினாலும் மை சிந்தாத மைக்கூட்டை இப்படி வளையங்களில் தொங்க விட்டதாக எழுதியிருக்கிறார். சீனாவில் கி.பி. 180 வாக்கில் திங் ஹுவான் என்பவர், உருட்டினாலும் கவிழாத தூபக்கிண்ணம் செய்தார். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கார்டானோ இதை விவரித்து எழுத, ஐரோப்பாவில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கப்பல் எவ்வளவு ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக நின்றது இந்த வளையங்களால்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன கப்பல்களிலும் திசைகாட்டி இப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆத்தங்குடியின் பெரிய வீடுகள் எழுந்ததில் அந்த வளையங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம் :-)

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கிம்பல் வேறு. அதில் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. நாம் பேசும் கிம்பல் ஹெட்டில் மின்சாரமே கிடையாது, எடைச் சமநிலை மட்டும்தான்.

சினிமாவிலிருந்து வந்த இன்னொரு தலை

1940களில் ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லர், திரவத்தின் பிசுபிசுப்பைக் கொண்டு கேமராவை வெட்டு விழாமல் திருப்பும் ஃப்ளூயிட் ஹெட்டை உருவாக்கினார். சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல ஃப்ளூயிட் ஹெட்டில் முன்னால் சாயும் பாரத்தை எதிர்த்து இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். இன்றைய கேமராக்களில் படம், வீடியோ இரண்டும் எடுக்கலாம் என்பதால் பறவைக்காரர்களும் இதன் பக்கம் வருகிறார்கள். வீடியோவுக்கு கிம்பலைவிட இதுவே வழுவழுப்பாக ஓடும். திடீரென்று கிளம்பிப் பறக்கும் பறவையைத் துரத்துவதில் கிம்பலுக்குத்தான் வேகம்.

பிறகு லென்ஸ் இளைத்தது

வரலாறு இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. கேனன் 600 எம்.எம். எஃப்/4 லென்ஸின் எடையை மட்டும் பாருங்கள்:

1988 - 6 கிலோ
1999 - 5.36 கிலோ
2012 - 3.92 கிலோ
2018 - 3.05 கிலோ

சோனி 2019-இல் வெளியிட்ட 600 எம்.எம். லென்ஸும் 3.04 கிலோதான். 30 வருடத்தில் எடை பாதியாகிவிட்டது. கை நடுக்கத்தை லென்ஸே சரிசெய்யும் வசதி 1995-இல் கேனனில் வந்து, 1999-இல் இந்தப் பெரிய லென்ஸ்களுக்கும் வந்தது. போதாததற்கு 2 கிலோ சுமாருக்கு 150-600 எம்.எம். ஜூம் லென்ஸ்கள் வந்துவிட்டன. அப்படியானால் தலையே வேண்டாமா?

அங்கேதான் கவனம். லென்ஸைத் தூக்க முடிவது வேறு, தூக்கிக்கொண்டே இருக்க முடிவது வேறு. 3 கிலோவைக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் நிற்கலாம். நாரை கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் வரை முக்கால் மணி நேரம் நிற்க முடியாது. கை வலித்தவன் என்ன செய்வான்? பொறுமை இழந்து இரண்டு அடி முன்னால் போவான். தலை வைத்த ட்ரைபாடு இருந்தால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பான். சிறிது நேரத்தில் பறவைகளும் அவனை ஒரு மரமாக எண்ணிப் பழகிவிடும்.

சரி, எதை வாங்குவது?

வணிகவியல் மாணவன் என்பதால் செலவுக் கணக்கோடு சொல்கிறேன்.

1) 2 கிலோ சுமார் ஜூம் லென்ஸ்: தரமான, பெரிய உருண்டை உள்ள பால் ஹெட் போதும். நம்மில் பெரும்பாலோர் இந்த வகைதான். பறக்கும் படம் அதிகம் எடுத்தால், பால் ஹெட் மேலேயே பொருத்தும் சின்னப் பக்கவாட்டு கிம்பல் துணைக்கருவி கிடைக்கும்.

2) 3 முதல் 4 கிலோ: கிம்பல். வீடியோவே பிரதானம் என்றால் எதிர்-ஸ்பிரிங் உள்ள ஃப்ளூயிட் ஹெட்.

3) 5 கிலோவும் அதற்கு மேலும்: இரண்டாம் கையாக விலைக்கு வரும் பழைய லென்ஸ்கள் இந்த எடையில்தான் இருக்கும். முழு அளவு கிம்பலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கிம்பல் சில ஆயிரம் ரூபாயிலும் உண்டு, அரை லட்சத்தைத் தாண்டியும் உண்டு. புது 600 எம்.எம். எஃப்/4 லென்ஸின் விலை பத்து லட்சத்துக்கு மேல். அரை லட்சம் தலை என்பது அதில் ஐந்து சதவீதம், இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுகிற மாதிரி. அதே தலையை எழுபதாயிரம் ரூபாய் ஜூமுக்கு வாங்குவது வீண். தலையின் விலையைத் தனியாகப் பார்க்காமல், அது தாங்கும் பொருளின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

'20 கிலோ தாங்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் அளப்பதில்லை. நேராக மேலே வைத்த 20 கிலோவும், சாய்ந்து நிற்கும் 5 கிலோவும் வேறு வேறு என்பதை மேலே கணக்கிலேயே பார்த்தோம். லென்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள், அதன் அடியில் இருக்கும் பிளேட் உங்கள் தலையில் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஆர்க்கா-ஸ்விஸ்' வகைப் பிளேட்தான் இருக்கும், ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலிழை வித்தியாசம் உண்டு. பிளேட்டின் முனையில் வழுக்கி விழாமல் தடுக்கும் சின்னத் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்மாய்க் கரையில் வைக்கும் முறை

- நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கால்களை அகட்டி, ஈரக் களிமண்ணில் நன்றாக ஊன்றுங்கள். தலையின் அடிப்பகுதி மட்டமாக இருக்கட்டும்.
- லென்ஸை மாட்டும்போது இரண்டு திருகும் முடுக்கியே இருக்கட்டும். பிறகு ஒரு கை லென்ஸில் இருக்க, மேல் கீழ் திருகை மெல்லத் தளர்த்துங்கள்.
- முன்பாரமா பின்பாரமா பார்த்து, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.
- இப்போது லென்ஸை 30 டிகிரி மேலே தூக்கிக் கையை மெல்ல விலக்குங்கள். தானே இன்னும் சாய்ந்தால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, தொட்டிலை இறக்குங்கள். மட்டத்துக்கே திரும்பி வந்தால் கீழே இருக்கிறது, ஏற்றுங்கள். நின்ற இடத்தில் நின்றால் வேலை முடிந்தது.
- ஹூட், கன்வர்ட்டர் எதை மாற்றினாலும் திரும்பச் சமன் செய்யுங்கள்.
- வெயில் ஏறிவிட்டால் மூட்டை கட்டுங்கள். தண்ணீர் மேல் கானல் அலைய ஆரம்பித்த பிறகு எவ்வளவு விலையுள்ள தலையாலும் படத்தைக் காப்பாற்ற முடியாது.

கூடு கட்டும் பறவையைத் தொந்தரவு செய்து எடுத்த படங்களை இன்று பல போட்டிகள் ஏற்பதே இல்லை. பொய் மாட்டுக்குள் புகுந்து கூட்டடிக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இன்று நம் பக்கம் நீண்ட லென்ஸ் இருக்கிறது, அதைத் தாங்கும் தலையும் இருக்கிறது. ஆகவே கரையை விட்டு இறங்க நமக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. புதுத் தலை வாங்கியவர்கள் முதல் வேலையாக அதை வேட்டங்குடிக் கரையில் ஊன்றி, ஒரு முழுக்காலை அங்கேயே நின்று பாருங்கள். கொடுத்த காசுக்குப் பொருள் அப்போது தெரியும்.

உங்களில் யாராவது வேறு வகைத் தலை வைத்திருந்தால் அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த கட்டுரை எதைப் பற்றி என்று எனக்கே இன்னும் தெரியாது. பார்க்கலாம்.